உக்ரைனிய வயலின்–பியானோ இசை: லியாத்தோஷின்ஸ்கியின் சொனாட்டாவில் பியானோ வெறும் பக்கவாத்தியமா?

#1 ஒற்றைத்தந்தி

2016-ல் லேபர் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘உக்ரைன்: ஜர்னி டு ஃப்ரீடம்’ தொகுப்பைப் பற்றிப் பேச இங்கே ஓர் இழை இல்லையே என்று நெடுநாளாகக் குறை. வயலின் சோலோமியா இவாகிவ். லிவிவ் நகரத்துப் பெண், பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர். பியானோ ஆஞ்செலினா கதேலியா. கொசென்கோ, லியாத்தோஷின்ஸ்கி, ஸ்கோரிக், சில்வெஸ்ட்ரோவ், ஸ்டான்கோவிச் என்று ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இசையை இரண்டே வாத்தியங்களில் வாசித்திருக்கிறார்கள்.

2022-ல் ரஷ்யா படையெடுத்த பிறகு உக்ரைனிய இசை என்று யார் மேடையேறினாலும் ஸ்கோரிக்கின் ‘மெலடி’ கட்டாயம் வருகிறது. நான்கு நிமிடத்துக்குள் முடிகிறது, எல்லாரும் கண் கலங்குகிறார்கள், அடுத்து பிராம்ஸுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அனுதாபத்துக்காகக் கேட்கிற இசையாக ஒரு நாட்டின் இசை சுருங்கிப்போவது நல்லதா?

போரிஸ் லியாத்தோஷின்ஸ்கி 1926-ல் எழுதிய வயலின் சொனாட்டாவை, அதாவது பல பகுதிகள் கொண்ட நீண்ட வாத்திய இசையை, கேளுங்கள். அவருக்கு அப்போது 31 வயது. ஹங்கேரிய மேதை பார்ட்டோக்கின் இரண்டு வயலின் சொனாட்டாக்கள் 1921, 1922-ல் வந்தவை. அவற்றின் பக்கத்தில் வைத்துக் கேட்கத்தக்க இசை இது என்று உறுதியாகச் சொல்வேன். இன்னொன்றும் சொல்கிறேன்: இது வயலினுக்கு எழுதி, பியானோவைத் துணைக்கு அழைத்துக்கொண்ட இசை கிடையாது. இருவரும் சமம். கேட்டவர்கள் எழுதுங்கள்.

#2 மந்தரம்

நேற்று இரவு கேட்டேன். முதல் பகுதியில் வயலின் மேலே தாவிக்கொண்டே இருக்கிறது, ஆனால் பல இடங்களில் பியானோ அதை மூழ்கடிக்கிறது. பதிவில் ஒலிச்சமன் சரியில்லையா, இல்லை எழுதியதே இப்படியா? சமம் என்கிறீர்கள். எனக்குச் சண்டை மாதிரித்தான் கேட்டது. மறுபடி கேட்கும் ஆசை வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

#3 கருப்புவெள்ளை

மந்தரம், சண்டை என்று நீங்கள் சொன்னது சரியான சொல். அது பதிவின் பிழை இல்லை. முதல் பகுதியின் வேகக் குறிப்பே ‘அலெக்ரோ இம்பெத்துவோசோ’, அதாவது ஆவேசமாகப் பாய்ந்து வாசி என்று.

நான் பியானோ வாசிப்பவள். வயலின்காரர்களோடு உட்கார்வதுதான் என் தொழிலில் பாதி. இந்த சொனாட்டாவின் பியானோ பகுதியைப் புரட்டிப் பார்த்தாலே கை தயங்கும். இடது கை கீழ்ஸ்தாயியில் கனமாக இறங்குகிறது, வலது கையில் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் வழியில் வந்த அடர்த்தியான ஸ்வரக்கொத்துகள். அந்த நேரத்தில் வயலின் தன் கீழ்த்தந்தியில் இருந்தால், இரும்பு வலு உள்ளவர் வாசித்தாலும் அடிபடத்தான் செய்யும். வழக்கமாக இதற்குக் கச்சேரிக்காரர்கள் செய்யும் எளிய வைத்தியம், பியானோவின் மூடியைச் சின்னக் கட்டையில் நிறுத்திவிடுவது. ஓசை குறையும், நிறமும் போய்விடும். நல்ல ஜோடிகள் மூடியை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, பெடலில் சிக்கனம் காட்டுவார்கள். கொத்தின் எல்லா ஸ்வரங்களையும் ஒரே கனத்தில் அடிக்காமல், வயலின் இருக்கும் ஸ்தாயியை மட்டும் மெலிதாக்குவார்கள். கதேலியாவின் வாசிப்பில் இதைக் கேட்கலாம். சத்தம் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் வயலினுக்கு நடுவில் வழி விட்டிருக்கிறார்.

இரண்டாம் பகுதிக்குப் போனீர்களா? அங்கே முதல் பகுதியின் ஆவேசமெல்லாம் அடங்கி, இருவரும் ஒருவர் பேச ஒருவர் காத்திருக்கிறார்கள். அதைக் கேட்டபிறகு முதல் பகுதிக்குத் திரும்புங்கள். சண்டைக்குக் காரணம் புரியும்.

#4 ஸ்கார்பரோ_சுதா

ஒற்றைத்தந்தி அண்ணை, ‘மெலடி’யை அவ்வளவு குறைச்சுச் சொல்லாதேங்கோ.

நான் இருக்கிறது கனடாவில. இஞ்ச உக்ரைனிய வம்சாவளியினர் 12 லட்சத்துக்கும் மேல. மூண்டு தலைமுறை, நாலு தலைமுறையா இருக்கிற சனம். போன வருசம் என்ர சிநேகிதி ஒருத்தி தங்கட தேவாலய மண்டபத்தில நடந்த வயலின்–பியானோ கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனவ. லிசென்கோவில தொடங்கி ஸ்கோரிக்கில முடிச்சவை. எனக்கு மேற்கத்திய இசை பெரிசாத் தெரியாது. ஆனா ‘மெலடி’ வந்தபோது பக்கத்தில இருந்த வயசுபோன அம்மாவின்ர விரல்கள் மடியில அந்த மெட்டோட சேர்ந்து அசைஞ்சதைப் பாத்தனான். அவவுக்கு அது 2022-இல வந்த பாட்டு இல்லை. முந்தியே தெரிஞ்ச பாட்டு. தொலைக்காட்சிக்காரர் அதை எடுத்து ஓயாமப் போட்டா அந்தப் பிழை பாட்டின்ர தலையில விழலாமோ?

அதோட, நாலு நிமிசப் பாட்டுக்காக வந்தவையில கொஞ்சப் பேராவது இருந்து மிச்சத்தையும் கேப்பினம். நானே அப்பிடித்தான் இந்த இழைக்கு வந்து சேந்தனான்.

#5 ஒற்றைத்தந்தி

சுதா அக்கா, அந்த இசையின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் ‘உயர்ந்த கணவாய்’ என்ற திரைப்படத்துக்காக மிரோஸ்லாவ் ஸ்கோரிக் எழுதியது அது. படம் மறக்கப்பட்டது, மெட்டு நின்றது. ஸ்கோரிக் யார் என்று தெரிந்தால் அந்த மெட்டின் கனம் இன்னும் கூடும். 1938-ல் லிவிவில் பிறந்தவர். 1947-ல், ஒன்பது வயதில், குடும்பத்தோடு சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1955-ல்தான் ஊர் திரும்ப முடிந்தது. புகழ்பெற்ற ஓபரா பாடகி சோலோமியா குருஷெல்னிட்ஸ்கா அவருக்குப் பாட்டி முறை. பராஜனோவின் ‘மறந்துபோன மூதாதையரின் நிழல்கள்’ படத்துக்கு இசையமைத்தவரும் இவரே.

என் ஆதங்கம் வேறு. இதே மனிதர் 1991-ல், உக்ரைன் சுதந்திரம் அறிவித்த அதே வருடம், இரண்டாம் வயலின் சொனாட்டாவை எழுதியிருக்கிறார். மூன்று பகுதிகள்: சொல், ஆரியா (பாட்டு), பர்லெஸ்க் (கேலிக்கூத்து). முதல் பகுதி பேச்சைப் போலத் தடுமாறி எழுகிறது. கடைசிப் பகுதியில் ஜாஸ் நுழைந்து இரண்டு பேரையும் ஓட ஓட விரட்டுகிறது. அழவைத்த அதே கை இப்படித் துள்ளவும் செய்யும் என்று மக்கள் அறிய வேண்டாமா? உங்கள் தேவாலயக் கச்சேரியில் அதை வாசித்தார்களா?

#6 ஸ்கார்பரோ_சுதா

இல்லை. ‘கார்பேத்தியன் ரப்சோடி’ வாசிச்சவை. அதுவும் ஸ்கோரிக்தான். அது தொடங்கின உடன எங்கட இசை மாதிரி ஒரு நெளிவு கேட்டுது. எனக்கு விளங்கப்படுத்த ஆருக்காவது தெரியுமோ?

#7 குவளை

சுதாக்கா, நீங்கள் கேட்டது உண்மை. கார்பேத்திய மலைகளில் வாழும் ஹூட்சுல் மக்களின் இசையில் ஒரு ஸ்வர அடுக்கு அடிக்கடி வரும். நம் கணக்கில் எழுதினால் சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். அதாவது 58-வது மேளகர்த்தா, ஹேமவதி. மேற்கத்திய இசைப் புத்தகங்களில் இதை உக்ரைனிய டோரியன் என்றே எழுதுகிறார்கள். கோப்சா வாத்தியத்தோடு பாடப்பட்ட ‘துமா’ என்னும் வீரகதைப் பாடல்களிலும் இதே சாயல் உண்டு. காந்தாரத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில் உள்ள அந்த அகன்ற இடைவெளிதான் உங்கள் காதில் பட்டது.

#8 மந்தரம்

ஸ்வரங்கள் ஒன்று என்பதால் ராகம் ஒன்றாகிவிடாது, குவளை. ஹேமவதியில் தைவதத்தை எப்படி அசைக்கிறோம், எங்கே நிற்கிறோம் என்பதில்தான் ராகம் இருக்கிறது. ஹூட்சுல் வயலின்காரர் அதே ஸ்வரங்களைக் கோலோமைக்கா நடனத்தின் வேகத்தில் வெட்டி வெட்டி வாசிக்கிறார். ஒற்றுமையில் நுழையலாம், அங்கேயே தங்கிவிடக் கூடாது.

கருப்புவெள்ளை சொன்னபடி இரண்டாம் பகுதியை இன்று காலை கேட்டேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

#9 வடக்குவாசல்

தாமதமாக வருகிறேன். எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. எதை உக்ரைனிய இசை என்கிறீர்கள்? புரோகோஃபியெவ் பிறந்தது இன்றைய தோனெத்ஸ்க் வட்டாரத்தின் சோன்சிவ்காவில். அவருடைய முதல் வயலின் சொனாட்டாவை 1946-ல் அரங்கேற்றிய வயலின்காரர் ஓய்ஸ்த்ராக் ஒதேசாக்காரர். ஷிமனோவ்ஸ்கி பிறந்தது திமோஷிவ்காவில். வயலின்–பியானோ இலக்கியத்தின் மகுடங்களில் ஒன்றான அவருடைய ‘மித்ஸ்’ 1915-ல் உக்ரைனிய மண்ணில் எழுதப்பட்டது. அதை எழுதத் துணைநின்ற வயலின் மேதை பவெல் கோஹன்ஸ்கியும் ஒதேசாவில் பிறந்தவர். இவர்களையெல்லாம் விட்டுவிட்டுப் பெயர் தெரியாதவர்களை மட்டும் வாசித்தால் நிகழ்ச்சி மெலிந்துபோகாதா?

#10 ஒற்றைத்தந்தி

மெலியாது, சார். புரோகோஃபியெவ் 13 வயதில் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரிக்குப் போனவர், தன்னை ரஷ்ய இசையமைப்பாளராகவே கருதியவர். ஷிமனோவ்ஸ்கியைப் போலந்து தன் தேசிய இசைஞராகக் கொண்டாடுகிறது. இருவரும் உலகின் எந்த மேடையிலும் வாசிக்கப்படுகிறார்கள். ‘மித்ஸ்’ ஒரு நிகழ்ச்சியில் லியாத்தோஷின்ஸ்கிக்கு முன்னால் வந்தால் எனக்கு மகிழ்ச்சிதான், இரண்டும் ஒரே காற்றை மூச்சாக இழுத்தவை. ஆனால் தொண்ணூறு நிமிடம்தான் இருக்கிறது என்றால், வேறு யாரும் வாசிக்காததை வாசிப்பதற்குத்தான் முதலிடம் தருவேன்.

உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. வயலினில் ஓய்ஸ்த்ராக், மில்ஸ்டைன் இருவருக்கும் குரு ஒதேசாவின் ஸ்டோலியார்ஸ்கி. பியானோவில் கிலெல்ஸ் ஒதேசா, ஹோரோவிட்ஸ் கீவ், ரிக்டர் ஷித்தோமிர். வாசித்தவர்களை உலகமே அறியும். எழுதியவர்களை ஏன் அறியவில்லை?

வாசிப்பவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டலாம். எழுதியவருக்குப் பதிப்பகம் வேண்டும், அரங்கம் வேண்டும், அரசின் அனுமதி வேண்டும். 1876-ல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் பிறப்பித்த எம்ஸ் ஆணை உக்ரைனிய மொழியில் அச்சிடுவதைத் தடைசெய்தது. இசைத்தாளில் ஸ்வரங்களுக்குக் கீழே உக்ரைனிய வரிகள் இருப்பதும் அந்தத் தடைக்குள் வந்தது. லைப்ஸிக்கில் படித்துவிட்டுக் கீவ் திரும்பியிருந்த மிகோலா லிசென்கோவுக்கு இது நேரடி அடி, ஏனென்றால் நாட்டுப்பாடல்களைத் திரட்டி அச்சிடுவதே அவர் வாழ்நாள் வேலை. ஆனால் வயலினுக்கு வரிகள் கிடையாதே! இரண்டு உக்ரைனிய நாட்டுப்பாடல்களை வைத்து அவர் எழுதிய ஃபேன்டசியும், பிறகு வந்த ‘எலிஜியாக் கப்ரிச்சியோ’வும் ஒரு வார்த்தைகூட இல்லாமல் அந்த மெட்டுகளைச் சுமந்து போயின. தணிக்கை அதிகாரி எந்த வரியை அடிப்பார்? இரண்டு பேர், ஒரு வீட்டுக்கூடம், ஒரு பியானோ இருந்தால் போதும். அதனால்தான் உக்ரைனிய இசையின் உயிர் பெரிய ஓபராக்களைவிட இந்தச் சின்ன வடிவத்தில் பத்திரமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

#11 கருப்புவெள்ளை

உங்கள் வாதத்தின் முதல் பாதியை ஏற்கிறேன். ‘பத்திரமாக இருந்தது’ என்பதை ஏற்க மாட்டேன்.

வாசில் பார்வின்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். தெர்னோபிலில் பிறந்து, பிராகாவில் செக் இசையமைப்பாளர் நோவாக்கிடம் படித்து, லிவிவின் இசை வாழ்க்கைக்கே தூணாக நின்றவர். பெரும்பாலும் பியானோ, அறையிசை, பாடல்கள் என்று சின்ன வடிவங்களில்தான் எழுதினார். 1948 ஜனவரியில் அவரையும் மனைவியையும் கைது செய்து மோர்தோவிய முகாமுக்கு அனுப்பினார்கள். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் எரிக்கப்பட்டன. பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தவர், ‘ஸ்வரத்தாள் இல்லாத இசையமைப்பாளர்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். இழந்தவற்றை நினைவிலிருந்து மறுபடி எழுத உட்கார்ந்தார். 1963-ல் மரணம். குற்றமற்றவர் என்ற அறிவிப்பு அதற்கு அடுத்த வருடம் வந்தது. அவருடைய பியானோ கான்செர்ட்டோவின் பிரதி ஒன்று 1993-ல், ஆர்ஜென்டினாவில் கிடைத்தது. இரண்டு பேர் வாசிக்கக்கூடிய இசை என்பது அவரைக் காப்பாற்றவில்லையே.

லியாத்தோஷின்ஸ்கியையே பாருங்கள். அதே 1948-ல் ‘ஃபார்மலிசம்’, அதாவது மக்களுக்கு எட்டாத வெறும் வடிவ விளையாட்டு, என்று சோவியத் அரசால் முத்திரை குத்தப்பட்டபோது, இசையமைப்பாளனாக நான் செத்துவிட்டேன் என்று தன் குரு கிளியேருக்குக் கடிதம் எழுதியவர் அவர். மூன்றாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியை மாற்றி எழுதவைத்தார்கள். 1926-ல் அந்த வயலின் சொனாட்டாவை எழுதிய துணிச்சலோடு அவரால் பிறகு எழுத முடிந்ததா என்று கேட்டுப் பாருங்கள். தாள் தப்பித்தது. தாளை எழுதிய மனம்?

#12 ஒற்றைத்தந்தி

நீங்கள் சொல்வதன் கனம் எனக்குப் புரிகிறது. பார்வின்ஸ்கியின் கதையை முன்னால் வைத்தால் பத்திரம் என்ற வார்த்தை நிற்காது. ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள். மாணவர்கள். கீவ் கன்சர்வேட்டரியில் லியாத்தோஷின்ஸ்கியிடம் படித்தவர்கள்தான் சில்வெஸ்ட்ரோவ், ஹ்ராபோவ்ஸ்கி, ஸ்டான்கோவிச், கராபிட்ஸ், டிச்கோ எல்லாரும். தான் எழுத முடியாததை அடுத்த தலைமுறை எழுதட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார். ஒருவர்கூட அவரைப் போலவே எழுதவில்லை. நல்ல ஆசிரியருக்கு வேறென்ன அடையாளம்?

#13 குவளை

சில்வெஸ்ட்ரோவ் பெயர் வந்ததால் கேட்கிறேன். அதே தொகுப்பில் உள்ள அவருடைய ‘போஸ்ட் ஸ்கிரிப்டம்’ சொனாட்டா லியாத்தோஷின்ஸ்கியின் மாணவர் எழுதியது என்றே நம்ப முடியவில்லை. மோட்சார்ட் காலத்து மெட்டு மாதிரி ஒன்று எழுகிறது, பாதியில் கரைந்துபோகிறது. வாசிப்பதற்குச் சுலபமாகத்தானே இருக்கும்?

#14 கருப்புவெள்ளை

குவளை, அதைவிடக் கடினம் எதுவும் இல்லை.

வாலென்டின் சில்வெஸ்ட்ரோவ் 1937-ல் கீவில் பிறந்தவர். 60-களில் சோவியத் நாட்டின் துணிச்சலான புதுமைக்காரர்களில் ஒருவராக இருந்தவர், பிறகு அந்தப் பாதையிலிருந்து விலகி மெல்லிசையின் மிச்சங்களுக்குள் போனார். அவர் தாளில் ஸ்வரங்கள் கொஞ்சம், குறிப்புகள் கணக்கில்லாமல். ஒரே வரிக்குள் வேகம் குறைகிறது, மீள்கிறது. மென்மைக்குள்ளேயே பல படிகள். பெடலை எங்கே மிதித்து எங்கே பாதி விடுவது என்பதுவரை எழுதிவைத்திருப்பார். லியாத்தோஷின்ஸ்கியில் நானும் வயலினும் மோதிக்கொள்வதால் எங்கே இருக்கிறோம் என்று இருவருக்கும் தெரியும். சில்வெஸ்ட்ரோவில் வயலின் ஒரு ஸ்வரத்தை விடுகிறது, என் பெடலில் அதன் மிச்சம் நிற்கிறது, அந்த மிச்சத்தின் மேல் நான் அடுத்ததை வைக்க வேண்டும். ஒரு இழை கனம் கூடினால் மாவிளக்கு காற்றில் அணைந்த மாதிரி ஆகிவிடும். ஒத்திகையில் பேசித் தீர்க்க முடியாது, சேர்ந்து மூச்சுவிடப் பழக வேண்டும்.

2022 மார்ச்சில், 84 வயதில், அவர் கீவை விட்டு பெர்லினுக்குப் போக நேர்ந்தது. அதே வருடம் வயலின்காரர் டானியல் ஹோப்பும் ஒதேசாவைச் சேர்ந்த பியானோக்காரர் அலெக்சே போட்வினோவும் டாய்ச்ச கிராமஃபோன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ‘மியூசிக் ஃபார் உக்ரைன்’ என்ற சிறு தொகுப்பை வெளியிட்டார்கள். சில்வெஸ்ட்ரோவ் அதிலும் இருக்கிறார். இவாகிவ்–கதேலியா பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள், இரண்டு ஜோடிகளின் மௌனங்களும் வேறு வேறு.

#15 மந்தரம்

இப்போது என் முறை. லியாத்தோஷின்ஸ்கியின் இரண்டாம் பகுதி.

நான் எதிர்பார்த்தது பாட்டு. வந்தது பாட்டுக்கு முன்னால் வரும் தயக்கம். பியானோ கீழே ஏதோ சொல்கிறது, வயலின் பதில் சொல்லாமல் மேலேயே நிற்கிறது. முதல் பகுதியில் பாய்ந்த அதே தாவல்கள் இங்கே மெதுவாக, பயந்து பயந்து வருகின்றன. அது ஒரே கருவின் இன்னொரு முகம் என்று தெரிந்ததும் முதல் பகுதியை மறுபடி போட்டேன். ஒற்றைத்தந்தி, இருவரும் சமம் என்று நீங்கள் சொன்னது இப்போது பிடிபடுகிறது. ஆனாலும் பார்ட்டோக்குக்கு இணை என்பதை இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பார்ட்டோக்கில் இரண்டு வாத்தியமும் தனித்தனி உலகம். இங்கே இரண்டும் ஒரே புயலுக்குள் இருக்கின்றன. அது வேறு வகை.

மூன்றாம் பகுதியைப் பற்றி ஒரு பேச்சையும் காணோமே? அது எனக்கு உடனே பிடித்தது.

#16 வடக்குவாசல்

நிகழ்ச்சி மெலியும் என்று நான் எழுதியபின் கொசென்கோவைக் கேட்டேன். அவருடைய ஓபஸ் 4-ன் இரண்டு துண்டுகள், ‘கனவுகள்’, ‘இம்ப்ராம்ப்டு’. ஷித்தோமிரில் வாழ்ந்து, அங்கேயே தன் மூவர் குழுவில் பியானோ வாசித்தவராம். லியாத்தோஷின்ஸ்கி, ரிக்டர் இருவருக்கும் சொந்த ஊர் அதுவே. ஒரு சிறுநகரத்துக்கு இது எவ்வளவு பெரிய சொத்து! 1938-ல், 42 முடியாத வயதில் போய்விட்டார் என்பது வருத்தமாக இருக்கிறது. ‘கனவுகள்’ எந்தக் கச்சேரியின் தொடக்கத்திலும் வைக்கலாம், யாரையும் பயமுறுத்தாது. புரோகோஃபியெவ் கோரிக்கையை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். ‘மித்ஸ்’ கோரிக்கையை விடமாட்டேன்.

#17 ஸ்கார்பரோ_சுதா

என்ர மகள் வயலின் படிக்கிறவ, எட்டாம் தரச் சோதினை முடிச்சிட்டா. இதில எதை அவவுக்குக் குடுக்கலாம்? தாள் எங்க எடுக்கிறது?

#18 கருப்புவெள்ளை

சுதா, கொசென்கோவின் ‘கனவுகள்’ முதலில். வயலினுக்குப் பாடும் கை வேண்டும், விரல் வித்தை அதிகம் வேண்டாம். அடுத்து லிசென்கோவின் ‘எலிஜியாக் கப்ரிச்சியோ’. ‘மெலடி’யை எப்படியும் வாசிப்பாள், தடுக்காதீர்கள். ஆனால் பியானோ வாசிப்பவரை முதல் நாளிலிருந்தே கூட வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பதிவு செய்த துணையிசையை ஓடவிட்டு அதன்மேல் வாசிப்பது இந்த இசைக்குச் சரிப்படாது, அது காத்திருக்காது.

லிசென்கோ 1912-லும் கொசென்கோ 1938-லும் இறந்ததால் இருவர் தாள்களுக்கும் பெரும்பாலான நாடுகளில் பதிப்புரிமை முடிந்துவிட்டது. பார்வின்ஸ்கி, லியாத்தோஷின்ஸ்கி இருவருக்கும் பல நாடுகளில் இன்னும் முடியவில்லை, விலைக்கு வாங்க வேண்டும். ஸ்கோரிக் 2020-ல் மறைந்தவர், அவருடையதும் அப்படியே. கேட்பதற்கு ‘உக்ரைனியன் லைவ் கிளாசிக்’ என்ற செயலி இருக்கிறது, இசையமைப்பாளர் வாரியாகத் தேடலாம்.

மகள் ‘கனவுகள்’ தொடங்கும்போது சொல்லுங்கள். அதன் பியானோ பகுதிக்கு நான் போட்டுவைத்த விரல் எண்களை ஸ்கேன் செய்து இங்கே ஏற்றுகிறேன், கூட வாசிப்பவருக்கு உதவும்.